மூக்கனுக்கு எது முன்பக்கம்?

பிப்ரவரி 11

தங்கைக்கு,

இது சமாதானக் கடிதம் அல்ல. ஞாயிறு பத்திரிகையில் வந்த ஒரு தவற்றைத் திருத்தவே எழுதுகிறேன். பத்திரிகைக்கு எழுதினால் போட மாட்டார்கள். இதற்கு முன்பு எழுதிய எதையும் போடவில்லை. அதனால் தவறு புறப்பட்ட வீட்டுக்கே எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். உன் வீட்டுக்காரரிடம் காட்ட வேண்டாம்.

மூக்கன் வகை மின்சார எஞ்சின்கள் மொத்தம் பதினொன்று கட்டப்பட்டன என்று மாப்பிள்ளை பேட்டி கொடுத்திருக்கிறார். பத்துதான். குகைக்குள் இடிபட்ட ஒரு எஞ்சினைச் சரிசெய்து புது எண் எழுதி வெளியே விட்டார்கள். அதைத்தான் அவர் பதினொன்றாவதாக எண்ணியிருக்கிறார். ஒரே ஆள் சட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றால் இரண்டு ஆளாகிவிடுவானா? இதைக் கண்டுபிடிக்க நான் எத்தனை ஆவண அறைகளில் உட்கார்ந்து தும்மியிருப்பேன் என்று உனக்குத் தெரியும். அத்தனையும் வாங்கி உங்கள் பழைய எஞ்சின் பாதுகாப்புச் சங்கத்தின் புத்தகத்தில் போட்டுக்கொண்டார். நன்றியுரையில் அட்டைக்குப் பசை தடவியவர் பெயர்கூட இருக்கிறது. நான் மட்டும் 'மேலும் பலர்' ஆகிவிட்டேன்.

அடுத்த தவறு, படத்துக்குக் கீழே இருக்கும் 'எஞ்சினின் முன்பக்கம்' என்ற வரி. படத்தில் தெரிவது பின்பக்கம். நடுவில் டிரைவர் அறையும் இரு புறமும் ஒரே மாதிரி நீண்ட மூக்கும் இருந்தால் எதுவும் முன்பக்கம்தான் என்று நினைக்கிறவர்களுக்கு நான் என்ன சொல்ல? பிரேக்குக்குக் காற்று அடைக்கும் கம்ப்ரஸர் இருக்கும் மூக்குதான் முன்பக்கம். தொழிற்சாலை எடுத்த முதல் புகைப்படமே அந்தப் பக்கத்திலிருந்துதான்.

கடைசி வரியில், மிச்சமிருக்கும் ஒரே மூக்கனைப் புது ஸ்டேஷன் ரவுண்டானாவில் மேடை கட்டி நிறுத்தி, உள்ளே ஐஸ்கிரீம் கடை வைக்கப் போவதாகப் போட்டிருக்கிறது. அதுவும் தவறுதானே?

பதில் எழுது. போன் செய்யாதே, எடுக்க மாட்டேன். போனில் நீ சிரிக்க வைத்துவிடுவாய்.

மேலும் பலரில் ஒருவன்


பிப்ரவரி 17

அன்புள்ள அண்ணா,

இரண்டு வருடம் கழித்து உங்கள் கையெழுத்தைப் பார்த்தேன். இவரிடம் காட்டாதே என்று நீங்கள் உறைக்குள்ளே எழுதியிருந்தீர்கள். உறையைத் தபால்காரரிடம் வாங்கியதே இவர்தான்.

"உங்க அண்ணன் எழுதியிருக்காரா? யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறிப்போய் ஓடிவந்தார்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. நீங்க எண்ணினது தப்பாம். பதினொண்ணு இல்லையாம், பத்தாம்."

"அவ்வளவுதானா? அப்போ மச்சான் நல்ல ஆரோக்கியமாத்தான் இருக்கார்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

ஐஸ்கிரீம் கடை தவறான செய்தி இல்லை அண்ணா. போன மாதம் ஒரு ஆள் அளவெடுக்கும் நாடாவோடு வந்து, டிரைவர் அறையில் எத்தனை நாற்காலி போடலாம் என்று பார்த்துவிட்டுப் போனார். "அந்த லீவர் எல்லாம் கழட்டிடலாம் இல்லையா மேடம்?" என்று என்னிடமே கேட்டார். என் கையில் ஸ்பேனர் இருந்தது. அவர் உயிரோடு திரும்பிப் போனது அவர் செய்த புண்ணியம்.

மேலிடத்தில் ஒன்று மட்டும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஜூன் கடைசியில் சோதனை அதிகாரி வருவார். அவர் முன்னால் மூக்கன் மேலே கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து, யாரும் தள்ளாமல், தானாக யார்டுக்குள் நகர்ந்து காட்ட வேண்டும். நகர்ந்தால் எங்கள் ஷெட்டிலேயே இருக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டிக்கொள்ளலாம். நகராவிட்டால் ரவுண்டானா.

ஒரு மூக்கிலுள்ள மோட்டாரை நானே பிரித்துச் சுற்றிவிட்டேன். ஷெட் ஃபோர்மேன் என்ற பெயருக்கு அதுகூடச் செய்யாவிட்டால் எப்படி? இன்னொரு மூக்குதான், அந்தக் கம்ப்ரஸர் இருக்கிற மூக்குதான், தகராறு. மூக்கனை ஓரங்கட்டிப் போட்டிருந்த காலத்தில் அதற்குள் சுண்ணாம்பு மூட்டைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். மழைத் தண்ணீர் இறங்கி, சுண்ணாம்பு கரைந்து, மோட்டாருக்குள் செம்புக் கம்பி சுற்றிய காயில் முழுவதையும் தின்றுவிட்டது. அந்த அளவு மோட்டாரைச் சுற்றி, வார்னிஷ் ஊற்றிச் சூடேற்றும் பெரிய அடுப்பு உங்கள் கல்லூரிப் பட்டறையில்தான் இருக்கிறது.

கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டேன். திட்டுவதாக இருந்தால் திட்டிவிட்டுச் செய்யுங்கள்.

உங்கள் தங்கை


பிப்ரவரி 24

தங்கைக்கு,

அந்த அடுப்பை வாங்க நான் கல்லூரி நிர்வாகத்தோடு போட்ட சண்டைக்கு இன்று வரை தண்டனை அனுபவிக்கிறேன். இப்போது முதல்வர் நாற்காலியில் இருப்பவன் என்னிடம் படித்தவன். மின்சாரம் எந்தப் பக்கம் போகிறது என்பதை அவனுக்குப் புரியவைக்க ஒரு முழு வருடம் ஆனது. அவன் என் பட்டறையைச் சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் தள்ளிவிட்டான். "அங்க அமைதியா இருக்கும் சார்" என்றான். மயானத்திலும்தான் அமைதியாக இருக்கிறது.

மோட்டாரை அனுப்பு. உனக்காக இல்லை, மாப்பிள்ளைக்காக நிச்சயமாக இல்லை. சுண்ணாம்பு மூட்டை போட்ட மடையர்களுக்கு அது தோற்றுப்போகக் கூடாது.

அந்த மூக்குக்குள் போகும் வயர் ஒவ்வொன்றுக்கும் நானே குறி போட்டுத் தருவேன். குறிப்படி மாட்டு. உன் ஆட்கள் யாரும் புத்திசாலித்தனத்தைக் காட்ட வேண்டாம். மோட்டாரோடு மாப்பிள்ளை வரக் கூடாது. கம்ப்ரஸர் மூக்கை இனிமேல் முன்பக்கம் என்றுதான் எழுத வேண்டும், சொல்ல வேண்டும், பலகையிலும் போட வேண்டும்.

அண்ணன்


மார்ச் 6

அன்புள்ள அண்ணா,

லாரி இன்று காலை புறப்பட்டுவிட்டது. இவர் வரவில்லை. ஆனால் கயிறு கட்டியது இவர்தான். முடிச்சைப் பார்த்துவிட்டு மோட்டாரைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். உங்கள் குறிப்படியே மாட்டுவேன், உங்களைக் கேட்காமல் அந்த மூக்கில் கை வைக்க மாட்டேன், இது வாக்கு.

முன்பக்க விஷயத்தை மட்டும் நான் ஒப்புக்கொள்ள முடியாது. மூக்கன் ஓடிய மலைப்பாதையில் எஞ்சினைத் திருப்ப இடமே கிடையாது என்று நீங்கள்தானே எழுதினீர்கள்? போகும்போது ஒரு மூக்கு முன்னால், வரும்போது மற்றது முன்னால். புகை போகாத குகைக்குள் நீராவி எஞ்சின் டிரைவர்கள் மயங்கி விழுந்ததால்தான் அந்தப் பாதைக்கு மின்சாரமே வந்தது. ஏற்றத்தில் அந்தக் குகையை நோக்கி நிற்கும் மூக்கைத்தான் அந்தக் கால டிரைவர்கள் முன்பக்கம் என்றார்கள். அது கம்ப்ரஸர் இல்லாத மூக்கு. "ஏறுறதுதான் வேலை. இறங்குறதுக்குப் பிரேக் போதும், எஞ்சின் எதுக்கு?" என்று இவர் கேட்கிறார். இவரும் டிரைவர், இவர் சங்கத்துக்காரரும்கூட, அதனால் இரட்டை எதிரி என்று நீங்கள் சொல்வீர்கள். சொல்லுங்கள்.

முதலில் ஓடட்டும். பிறகு முன்பக்கத்துக்குச் சண்டை போடுவோம்.

தங்கை


மே 8

தங்கைக்கு,

மோட்டார் தயார்.

இரண்டே வார்த்தையில் முடித்துக்கொள்ளலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இங்கே சொல்ல ஆள் இல்லை.

சுண்ணாம்பு தின்றது மேல் சுற்றுகளைத்தான். அடியில் பழைய பருத்தி நாடா அப்படியே இருந்தது. ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் மேல் பாதி ஏறி, கொஞ்சமும் பிசகாமல் போகிறது. நம் பட்டறை மெஷினுக்கு அது வராது. ஒரு காயிலில் மட்டும் ஓரிடத்தில் நாடா லேசாகப் புடைத்திருந்தது. பிரித்தால் உள்ளே ஒரு தலைமுடி. நீளமானது. அந்தத் தொழிற்சாலையில் காயில் சுற்றியது பெண்கள் என்று நான் எங்கோ ஒரு சம்பளப் பட்டியலில் படித்திருந்தேன். படித்தது வேறு. விளக்கடியில் அந்த முடியைப் பார்த்தது வேறு. குனிந்து சுற்றிக்கொண்டிருந்தவள் தலையிலிருந்து விழுந்திருக்க வேண்டும். அவளுக்கே தெரிந்திருக்காது. அந்த முடியோடு மூக்கன் எத்தனை முறை மலையேறியதோ!

அந்தக் காயில் நல்ல நிலையில்தான் இருந்தது. அதனால் முடியை இருந்த இடத்திலேயே வைத்து நாடாவை மறுபடி சுற்றிவிட்டேன். விஞ்ஞானப்படி இது சரியில்லை. யாரிடமும் சொல்லாதே.

வார்னிஷ் வாடை கல்லூரி முழுக்கப் பரவியதும் முதல்வர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"என்ன சார் இது, மாணவர்களுக்குத் தலைவலிக்குதாம்?"

"உங்களுக்கு நான் பாடம் எடுத்தப்ப எனக்கும்தான் தலைவலிச்சுது. நான் யார்கிட்டயாவது சொன்னேனா?"

அவன் சிரித்துவிட்டான். நான் சிரிக்கவில்லை. ஆனால் அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

வயர்கள் குறி போட்டு, கட்டி, தனிப் பெட்டியில் வருகின்றன. குறிப்படி மாட்டு.

அண்ணன்


ஜூன் 10

அன்புள்ள அண்ணா,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

நேற்று சோதனை ஓட்டம் பார்த்தோம். எல்லாம் மாட்டி, இரண்டு முறை சரிபார்த்து, மேலே கம்பியில் மின்சாரம் வாங்கினோம். டிரைவர் இடத்தில் இவர். கைப்பிடியை 'முன்' பக்கம் தள்ளி முதல் படியில் வைத்தார். மூக்கன் உறுமியது. அந்த உறுமலைக் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சக்கரங்களுக்கு இடையே போகும் அந்தப் பெரிய இரும்புத் தண்டுகள் நடுங்கின. மூக்கனுக்குப் பெயிண்ட் அடித்த அக்கா கைதட்ட ஆரம்பித்துவிட்டார்.

வண்டி நகரவில்லை.

இரண்டாவது படியில் இன்னும் பலமாக உறுமியது. முழு எஞ்சினும் குளிர் ஜுரக்காரன் மாதிரி ஆடியது. ஒரு விரல் அளவுகூட நகரவில்லை. பிறகு படீரென்று சுவிட்ச் விழுந்து எல்லாம் அடங்கிவிட்டது. கைதட்டியவர் கையை என்ன செய்வதென்று தெரியாமல் புடவையில் துடைத்துக்கொண்டார்.

காரணம் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம்தான் ஆனது. என் மூக்குதான் முன்பக்கம் என்று வைத்து நான் என் வயர்களுக்குக் குறி போட்டிருக்கிறேன். உங்கள் மூக்குதான் முன்பக்கம் என்று வைத்து நீங்கள் உங்களுடையதற்குப் போட்டிருக்கிறீர்கள். 'முன்னே போ' என்றதும் இரண்டு மோட்டாரும் கீழ்ப்படிதலோடு அவரவர் முன்பக்கம் பார்த்து இழுத்திருக்கின்றன. எதிரெதிராக.

இவர் இறங்கிவந்து, "எஞ்சின் நல்லாத்தான் இருக்கு. உங்க குடும்பத்தைத்தான் ரிப்பேர் பண்ணணும்" என்றார்.

ஏதாவது ஒரு மோட்டாரில் இரண்டு வயர்களை இடம் மாற்றினால் போதும், வண்டி ஓடிவிடும். ஒன்றில் மட்டும். யாருடையதை மாற்றுகிறோமோ அந்த மூக்கு பின்பக்கம் ஆகிவிடும். இனி கம்பியில் மின்சாரம் அதிகாரி வரும் 27-ஆம் தேதிதான் கிடைக்கும். முன்னதாக ஓட்டிப் பார்க்க வழியில்லை. உங்களைக் கேட்காமல் உங்கள் மூக்கில் கை வைக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதனால் கேட்கிறேன். மாற்றட்டுமா?

தங்கை


ஜூன் 15

தங்கைக்கு,

மாற்றக் கூடாது.

துறைத் தலைவர் பதவியை விட்டுக்கொடுத்தேன். பட்டறையை விட்டுக்கொடுத்தேன். புத்தகத்தில் என் பெயரைப் பறித்தபோதும் உன் முகத்துக்காக வழக்குப் போடாமல் விட்டேன். என்னிடம் மிச்சமிருப்பது ஒரு முன்பக்கம். அதையும் கேட்கிறாயா?

உன் மூக்கில் மாற்று. உனக்கென்ன, நீ சிரித்துக்கொண்டே எதையும் தாங்கிக்கொள்வாய்.

அண்ணன்


ஜூன் 19

அண்ணா,

நான் சிரித்துக்கொண்டே தாங்கிக்கொள்கிறேன் என்று யார் சொன்னது? நான்கு வருடமாக வேலை முடிந்த பிறகு தினமும் அந்த மூக்குக்குள் படுத்துக் கிடந்திருக்கிறேன். என் மோட்டாருக்கும் முன்பக்கம் என்று எழுதிக்கொள்ள ஆசை இருக்காதா? வீட்டில் மூத்தவர் நீங்கள் என்பதற்காக எஞ்சினிலும் நான்தான் இரண்டாவதா?

ஐஸ்கிரீம் கடை நாற்காலிக்காரர் திரும்ப வந்து சுவருக்கு என்ன நிறம் என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். இளஞ்சிவப்பாம்.

உங்கள் மூக்கை நான் தொட மாட்டேன். இனி கெஞ்சவும் மாட்டேன்.


ஜூன் 28

அன்புள்ள அண்ணா,

நேற்று நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். குறுக்கே பேச முடியாது என்பதுதான் கடிதத்தில் எனக்குப் பிடித்த விஷயம்.

சனிக்கிழமை மத்தியானம் என் மூக்கைத் திறந்து என் வயர்களை நானே மாற்றிவிட்டேன். அழுதேன் என்று இவர் சொல்வார், நம்பாதீர்கள். இளஞ்சிவப்புச் சுவரை நினைத்ததும் முன்பக்கமாவது பின்பக்கமாவது என்று ஆகிவிட்டது. போகட்டும், அண்ணன் ஒருமுறையாவது ஜெயிக்கட்டும் என்று நினைத்தேன். உங்களுக்கு எழுதவில்லை. எழுதினால், 'நான் அப்போதே சொன்னேனே' என்று நாலு பக்கம் வரும்.

நேற்று அதிகாரி வந்தார். வெயிலே இல்லாத நாளில் குடை பிடித்துக்கொண்டு நடக்கிற ஆள். மூக்கனைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "ஓட்டுங்க பார்க்கலாம்" என்றார். இவர் கைப்பிடியைத் தள்ளினார்.

மூக்கன் உறுமியது. ஆடியது. நகரவில்லை!

இவர் ஜன்னல் வழியாக என்னைப் பார்க்கிறார், நான் இவரைப் பார்க்கிறேன். அதிகாரி குடையை மடக்கினார்.

"ஏம்மா, இது சத்தம் போடுற எஞ்சினா, ஓடுற எஞ்சினா?"

"பத்து நிமிஷம் கொடுங்க சார்."

"சாப்பிட்டுட்டு வரேன். அதுக்குள்ள முடியலன்னா ஓடாதுன்னு எழுதிடுவேன்."

என் மூக்கைத் திறந்து பார்த்தேன். நான் மாற்றியது மாற்றியபடியே இருந்தது. அப்படியானால் ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். வாக்கை மீறி உங்கள் மூக்கின் மூடியைத் திறந்தேன். இரண்டு வயர்கள் இடம் மாறியிருந்தன. இரண்டு மூக்கிலும் மாற்றினால் மறுபடி எதிரெதிர்தானே! மேலே புதுக் கறுப்பு டேப். டேப்பை இடப்பக்கமாகச் சுற்றி, நுனியை முக்கோணமாக மடித்து ஒட்டுகிற ஆள் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்கிறார்.

வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் கூட்டத்தில் ஒருவர் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்தாராம். "டிக்கெட் வாங்கினார் மேடம். வாசல் போர்டுல ரெண்டு தப்பு இருக்குன்னு என்னைத் திட்டினார். நான் எழுதலைன்னு சொன்னேன், அப்பவும் விடல. அப்புறம் அந்த மூக்குப் பக்கம் போனார். டை கட்டியிருந்தாரே, பெரிய ஆபீசர்னு நினைச்சு விட்டுட்டேன்."

அண்ணா, நான் அந்த மூக்குக்குள் உட்கார்ந்து சிரித்த சிரிப்பு இருக்கிறதே! இரும்புப் பெட்டி, அப்படியே எதிரொலித்தது. சாப்பிடப் போன அதிகாரி ஓடிவந்துவிட்டார்.

"யாரு உள்ள சிரிக்கிறது?"

"நான்தான் சார். பழுது கிடைச்சிருச்சு."

"பழுது கிடைச்சா சிரிப்பீங்களா?"

"இது எங்க குடும்பப் பழுது சார்."

அதற்குள் இவரும் வந்து எட்டிப் பார்த்தார். டேப்பைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. பிறகு, "மச்சான் மாத்தினாரா? தானாவே வந்தா?" என்றார். ஸ்பேனரை எடுத்து என்னிடம் நீட்டி, "சரி, இப்ப யாரோடதத் திருப்பப் போற? உன்னோடதா, அவரோடதா?" என்று கேட்டார்.

இரண்டு மூடியும் திறந்து கிடந்தன. ஒரு மூக்கில் ஸ்பேனரை வைத்தேன். திருப்பினேன். இரண்டு மூடியையும் போட்டேன்.

மூக்கன் நகர்ந்தது அண்ணா. முதலில் தண்டுகள் மெல்ல மேலே ஏறின. அப்புறம் சக்கரம். உறுமல் குறைந்து, மாவு அரைக்கிற மாதிரி ஒரு சத்தம். பெயிண்ட் அக்கா இந்தத் தடவை கைதட்டவில்லை. ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டதில் என் சட்டை முழுக்கப் பச்சை. அதிகாரி பக்கத்திலேயே நடந்தார். பிறகு நடை பத்தாமல் ஓடினார். யார்டு முடிவில் மூச்சு வாங்கிக்கொண்டு, "ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு ஓட்டுவீங்க? பேரப்பசங்களைக் கூட்டிட்டு வரலாமா?" என்று கேட்டார். தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டார். மூக்கன் ஷெட்டிலேயே இருக்கும்.

எந்த மூக்கில் திருப்பினேன் என்று எழுத மாட்டேன். இவருக்கும் வாட்ச்மேனுக்கும் வாய்ப்பூட்டு போட்டாயிற்று. போன் செய்தாலும் சொல்ல மாட்டேன். தெரிய வேண்டுமென்றால் நேரில் வந்து மூடியைத் திறந்து பாருங்கள்.

தங்கை


ஜூலை 2

தங்கைக்கு,

ஞாயிற்றுக்கிழமை வந்தது வேறு யாரோ என்று எழுதலாமா என யோசித்தேன். டேப் காட்டிக்கொடுத்துவிட்டது.

சோதனை நாளான திங்கட்கிழமையும் நான் ஊர் திரும்பவில்லை. யார்டு வேலிக்கு வெளியே, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றிருந்தேன். மூக்கன் முதல் தடவை உறுமிவிட்டு நின்றபோது, வாழ்க்கையில் ஒரே ஒரு முறை விட்டுக்கொடுத்தேன், அதிலும் மண் விழுந்துவிட்டது என்று நினைத்தேன். நீயும் மாற்றியிருப்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்த எண்ணம் ஏன் வரவில்லை என்பதைப் பற்றி இங்கே வந்த பிறகு கொஞ்சம் யோசித்தேன்.

பிறகு சிரிப்புச் சத்தம் வேலி வரைக்கும் கேட்டது. அது உன் சிரிப்பு என்று தெரிந்ததும் போய்விடலாம் என்று திரும்பினேன். கால் வரவில்லை. அதனால் வண்டி போனதைப் பார்த்தேன். பக்கத்தில் ஒருவர், "ஏன் சார் கண்ணைத் துடைக்கிறீங்க, தூசியா?" என்றார். "வார்னிஷ்" என்றேன்.

உன் தந்திரம் புரிகிறது. கம்ப்ரஸர் மூக்கு பின்னால் வர, மற்றது முன்னால் போனதை நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் மாப்பிள்ளை கைப்பிடியை 'முன்' பக்கம் தள்ளினாரா, 'பின்' பக்கம் தள்ளினாரா என்பது அங்கிருந்து தெரியவில்லை. அது தெரியாமல் எதையும் சொல்ல முடியாது. உன் கடிதம் வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். கம்ப்ரஸர் மூச்சிரைப்பதை வேலியிலிருந்தே கேட்டேன். வால்வு தேய்ந்திருக்கிறது, உன் ஆட்கள் யாருக்கும் காது கேட்காதா? புதிதாக ஒரு முழு ஜோடி கடைந்து வைத்திருக்கிறேன். எல்லாம் வார்ப்பிரும்பு. பை கனமாக இருக்கும், என் ஒருவனால் தூக்க முடியாது. ஸ்டேஷனுக்கு யாராவது வந்தால் நல்லது.

யார் வந்தாலும் சரி.

அண்ணன்